தெரோங் பாலாடோ செய்யப் போனால் காரக்குழம்பு வருகிறது. எங்கே தப்பு?

உறையூர்க்காரன்

ஆறு வருஷம் சிங்கப்பூரில் இருந்தேன். கம்போங் கிளாமில், சுல்தான் மசூதியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு நாசி பாடாங் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது இருபத்தைந்து தட்டு வரிசையாக இருக்கும், விரலைக் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். கூட வருகிறவர்கள் எல்லாம் ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறிப் பக்கம் போவார்கள், நான் கத்தரிக்காய் பக்கம் போவேன். நீளவாக்கில் பிளந்த கத்தரிக்காய், தோல் ஊதா மாறாமல் பளபளவென்று இருக்கும், மேலே விதையும் தோலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி கொரகொரவென்று சிவப்பு மிளகாய், ஓரத்தில் சிவந்த எண்ணெய். காரம் ஏறும், ஆனால் அதோடு ஒரு புளிப்பும் லேசான இனிப்பும் வரும். கடைக்கார அம்மா தெரோங் பாலாடோ என்றார், பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வருஷம் திருச்சிக்கே வந்துவிட்டேன். இதுவரை மூன்று தடவை செய்தாயிற்று.

முதல் தடவை காய்ந்த மிளகாய் 15 ஊறவைத்து, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டோடு மிக்ஸியில் மைய அரைத்து, வதக்கி, கத்தரிக்காயைப் போட்டு மூடிவைத்தேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு நல்லாத்தான் இருக்கு, புளிதான் பத்தலை" என்றாள். இரண்டாம் தடவை கத்தரிக்காயை முதலில் பொரித்தேன். கால் லிட்டர் எண்ணெய் ஊற்றினேன், எடுக்கும்போது பாதியைக் காணோம், எல்லாம் கத்தரிக்காய்க்குள் இருந்தது. தோலும் பழைய செருப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் தடவை யாரோ பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் கட்டி) இல்லாமல் ருசி வராது என்று சொன்னதை நம்பி, சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பனிடம் சொல்லி ஒரு கட்டி வாங்கிவரச் செய்து, தோசைக்கல்லில் சுட்டேன். ஐந்தே நிமிஷம், மேல்வீட்டு மாமா இறங்கி வந்து எங்காவது எலி செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

எண்ணெய் குடிக்காமல் பொரிக்க வழி என்ன, ஊதா நிறம் எப்படி நிற்கிறது, மிளகாய் காய்ந்ததா பச்சையா, பெலாச்சான் கட்டாயமா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்முறை யாரும் போட வேண்டாம், அது எனக்கே தெரியும்.

கிள்ளான்_அக்கா

தம்பி, நீங்கள் இரண்டு சமையலை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருக்கிறீர்கள். காய்ந்த மிளகாயும் பெலாச்சானும் எங்கள் பக்கத்து சம்பல் தெரோங்குக்கு. மலேசியாவில் பெரும்பாலான வீடுகளில் செய்வது அதுதான், தமிழர் வீடு உட்பட. அம்மா தோட்டத்து வீட்டில் செய்யும்போது ஒரு கொத்து கறிவேப்பிலையும் போட்டுவிடுவார், மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சிரிப்பார், ஆனால் தட்டு திரும்பி வரும்போது காலியாகத்தான் வரும்.

எப்படி என்றால், காய்ந்த மிளகாயைக் கத்தரிக்கோலால் துண்டாக வெட்டி, உதிர்கிற விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைக்க வேண்டும். இந்த விழுதுதான் சில்லி போ, கடையில் டப்பாவிலும் விற்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சான் ஒரு நெல்லிக்காய் அளவு சேர்த்து அரைத்து, எண்ணெயில் போட்டு, அடுப்பைக் குறைத்து, அவசரப்படாமல் கிண்ட வேண்டும். இருபது நிமிஷம் ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற கட்டத்தை மலாயில் பெச்சா மிஞாக் என்பார்கள், எண்ணெய் உடைந்தது என்று அர்த்தம். அது வருவதற்கு முன்னால் புளித்தண்ணீர் ஊற்றினால் மிளகாயின் பச்சை வாடை சாகிற வரைக்கும் போகாது. உடைந்த பிறகு புளி, குலா மலாக்கா கொஞ்சம் (பனை வெல்லம் போட்டாலும் சரிதான்), உப்பு. கடைசியில் பொரித்த கத்தரிக்காய்.

பெலாச்சானைக் கட்டியாக அப்படியே தோசைக்கல்லில் வைத்தால் எலி என்ன, யானை செத்த மாதிரியே நாறும். மெல்லிசாகச் சீவி, அலுமினியத் தாளில் மடித்து, சிறு தீயில் இரண்டு பக்கமும் திருப்பி வாட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உதிரியாகிவிட்டால் போதும்.

பாடாங்_போனவன்

அக்கா சொன்னது நல்ல சமையல்தான், ஆனால் அவர் கேட்டது அது இல்லை. பாலாடோ மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடையது. நான் பாடாங்கில் மூன்று வருஷம் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன், கீழே வீட்டுக்கார அம்மா. எல்லாரும் இபு என்றுதான் கூப்பிடுவோம். வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒரு பாலாடோ இருக்கும். முட்டை, உருளைக்கிழங்கு, மெல்லிசாகத் தட்டிக் காயவைத்த மாட்டிறைச்சி, நெத்திலி, கத்தரிக்காய். லாடோ என்றால் மினாங் மொழியில் மிளகாய், பாலாடோ என்றால் மிளகாய் போட்டது, அவ்வளவுதான். மலாயில் லாடா என்றால் மிளகு. மிளகாய் பின்னால் வந்த சரக்கு, போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தப் பக்கம் எல்லாம் பரவியது. வந்தது மிளகின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது. நாமும் மிளகு போலக் காரமாக இருக்கிற காய் என்று மிளகாய் ஆக்கினோம். இதை இபுவிடம் அரைகுறை மொழியில் விளக்கியபோது, "அப்படியானால் நீயும் பாதி மினாங்" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இபு வீட்டில் பாலாடோவுக்கு பெலாச்சானும் கிடையாது, காய்ந்த மிளகாயும் கிடையாது. நீளமாக, சுருள் சுருளாக இருக்கிற பழுத்த சிவப்பு மிளகாய், காயவைக்காமல் அப்படியே. நம் ஊரில் மிளகாய்ப்பழம் என்று சந்தையில் கிடைப்பதுதான், ஆந்திராவில் ஊறுகாய் போடுவார்களே அது. ஆனால் நம் பழம் காரம் அதிகம். அரைக் கிலோ கத்தரிக்காய்க்கு அங்கே 150 கிராம் மிளகாய் சாதாரணம், இங்கே அதே அளவு போட்டால் மறுநாள் ஆபீஸ் போக முடியாது. 60 கிராம் பழம், நிறத்துக்கும் கனத்துக்கும் விதை எடுத்து ஊறவைத்த காஷ்மீரி மிளகாய் ஐந்தாறு. இது நான் இங்கே வந்த பிறகு கண்டுபிடித்த சமாதானம், இபுவிடம் சொல்ல மாட்டேன்.

சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு இரண்டு பல், தக்காளி ஒன்று. மிக்ஸியைத் தொடாதீர்கள். இபு வீட்டில் அகலமாக, தட்டையாக ஒரு கல் இருக்கும், பத்து லாடோ என்பார்கள், மிளகாய்க் கல். அதில் முதலில் கல் உப்பும் மிளகாயும். உப்பு இருந்தால்தான் மிளகாய் வழுக்காமல் பிடிபடும். குத்த மாட்டார்கள், குழவியைச் சாய்த்து இழுத்து இழுத்து நசுக்குவார்கள். தோல் கிழிந்து, விதை முழுசாக இருக்கிற பதத்தில் நிறுத்திவிட்டு வெங்காயம், கடைசியில் தக்காளி. நம் அம்மி இருந்தால் அதைவிட நல்ல சாமான் வேண்டாம். இல்லாதவர்கள் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் நீங்கள் செய்வது சட்னி.

இனி முக்கியமான இடம். உறையூர்க்காரர் மூன்று தடவையில் ஒரு தடவையாவது கத்தரிக்காயை மிளகாய்க்குள் வேகவைத்திருப்பார். நமக்குக் கை அப்படிப் பழகியிருக்கிறது, கத்தரிக்காய் என்றால் மசாலாவில் முங்கி, மூடி போட்டு, குழைந்து, புளியை உறிஞ்ச வேண்டும். பாலாடோவில் இரண்டும் தனித்தனியாக வேகிறது. கத்தரிக்காய் பொரிந்து ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். மிளகாய் அதே எண்ணெயில், தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சிறு தீயில் தக்காளித் தண்ணீர் வற்றி எண்ணெய் சிவக்கும் வரை வதங்கும். அடுப்பை அணைத்துவிட்டு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சிட்டிகை சர்க்கரை. அப்புறம்தான் கத்தரிக்காய், ஒரு புரட்டு, அவ்வளவு. பாதி நாள் இபு புரட்டக்கூட மாட்டார், தட்டில் கத்தரிக்காயை அடுக்கி மேலே மிளகாயை வழித்துவிடுவார்.

கிள்ளான்_அக்கா

ஐயா, பாடாங்கில் அப்படியிருக்கலாம். சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் நாசி பாடாங் கடை வைத்திருக்கிறவர் எல்லாரும் மினாங்காரர் கிடையாது. நான் சாப்பிட்ட கடைகளில் பாலாடோ என்று எழுதிவிட்டு பெலாச்சான் போட்டவர்களும் உண்டு. தம்பி, உங்கள் கடையில் அந்த வாடை இருந்ததா இல்லையா? அதைச் சொன்னால் தகராறு முடிந்தது.

உறையூர்க்காரன்

இல்லை அக்கா. இப்போது யோசித்தால் அந்த வாடை பக்கத்தில் இருந்த கீரைத் தட்டில்தான் வரும், கங்கோங். கத்தரிக்காயில் எலுமிச்சை வாசனைதான் தெரியும். புளி இல்லை. அப்படியென்றால் நான் மூன்றாம் தடவை வீட்டை நாறடித்தது வீண்.

கிள்ளான்_அக்கா

வீண் ஏன்? மிச்சக் கட்டியைக் காற்றுப் போகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், கங்கோங் கிடைக்கிற அன்றைக்கு ஆகும். பாலாடோவில் நான் விட்டுக்கொடுத்தேன்.

டீஸ்பூன்_திருடன்

எண்ணெய்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்குச் சமையலைவிட அது ஏன் அப்படி ஆகிறது என்பதில்தான் ஆர்வம், வீட்டில் திட்டு வாங்குவதும் அதனால்தான்.

கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே நிறையக் காற்று. எண்ணெய் போதிய சூட்டில் இல்லாவிட்டால் காற்று இருந்த இடத்துக்கெல்லாம் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பொரிப்பதற்கு முன்பே அந்தப் பஞ்சை அமுக்கிவிட வேண்டும். வெட்டின பக்கம் உப்புத் தூவி இருபது நிமிஷம் வைத்து, துணியில் ஒற்றி எடுக்கலாம். மைக்ரோவேவ் இருந்தால் உப்புத் தூவி காகிதத் துண்டின் மேல் பரப்பி நாலைந்து நிமிஷம், சதை அமுங்கித் தோல் பக்கம் லேசாக வளையும், அதுதான் பதம். எண்ணெய் 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பாருங்கள், போட்ட அந்த நொடியே சுற்றிலும் நுரைத்துச் சத்தம் வர வேண்டும், உள்ளே போய் யோசித்துவிட்டுச் சத்தம் போட்டால் இன்னும் சூடாகவில்லை. ஒரே தடவையில் கொட்டினால் சூடு இறங்கிவிடும், நாலு நாலாகப் போடுங்கள். எடுத்ததும் படுக்கப் போடாமல் கம்பி வலையில் வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி வையுங்கள், குடித்ததில் கொஞ்சம் திரும்பக் கொடுக்கும்.

நிறத்துக்கும் இதே கதைதான். அந்த ஊதா தோலில் மட்டும் இருக்கிறது, தண்ணீரில் கரையும். மூடி போட்டு வேகவைத்தால் ஆவியும் தண்ணீரும் சேர்ந்து அதைக் கழுவி இறக்கிவிடும், மிஞ்சுவது பழுப்பு. நல்ல சூட்டில் எண்ணெயில் தோல் பக்கம் முதலில் கீழே இருக்கும்படி போட்டு, மொத்தம் மூன்று நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் நிறம் நிற்கும். ஆகையால் மூடியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். வெட்டினதும் கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போடும் பழக்கம் இருந்தால், ஈரத்தைத் துளிகூட இல்லாமல் துடைத்த பிறகுதான் எண்ணெய் பக்கமே போக வேண்டும். இல்லையென்றால் கையில் தெறித்தது யாருடைய தப்பு என்று கேட்கக்கூடாது.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். செய்யலாம், எண்ணெய் தடவி 200 டிகிரியில் பன்னிரண்டு பதினைந்து நிமிஷம். சதை நன்றாக வரும், தோல் சுருங்கி மங்கிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

வாழையிலை

காய் எது வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குண்டு வரிக்கத்தரிக்காயை நாலாகக் கீறிப் போட்டால் ஆகாதா?

பாடாங்_போனவன்

ஆகாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் விதை அதிகம், உள்பக்கம் வேகிறதற்குள் வெளிப்பக்கம் கருகும். நீளமான ஊதாக் காய், இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாதது. நுனிக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். இபு காம்பை எடுக்கவே மாட்டார், காம்போடு இரண்டாகப் பிளந்து, சதையில் கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவார். மிளகாய் எண்ணெய் அந்தக் கோட்டுக்குள் இறங்கும்.

நாகூர்ப்_பக்கம்

எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்தில் பினாங்குக்குக் கப்பலில் போய் வந்தவர்கள் உண்டு, அதனால் சம்பல் எங்களுக்குப் புதுசு இல்லை. பெலாச்சான் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், பாலாடோவுக்கு இல்லை, அக்கா சொன்ன சம்பலுக்கு. சென்னாகுன்னி வாங்கி மண், தூசி போகப் புடைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, பொடித்து, மிளகாய் விழுதோடு ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். பெலாச்சானும் குட்டி இறாலில் செய்வதுதான், ஆனால் அது புளிக்கவைத்து இடித்துக் காயவைத்தது, இது வெறும் கருவாடு. அந்த ஆழம் வராது. எழுபது சதவீதம் வரும். மேல்வீட்டு மாமாவும் கீழே வர மாட்டார், வந்தாலும் கருவாட்டுக் குழம்பு என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

இன்னொன்று. சில பேர் பாலாடோவில் அந்த இரட்டை எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போடுவார்கள், உறையூர்க்காரர் சொன்ன வாசனை பழத்தினாலா இலையினாலா என்று தெரியாது. இலை வேண்டுமென்றால் இளம் நாரத்தை இலை எடுங்கள், வேப்பிலைக்கட்டிக்கு எடுப்பது போல நடு நரம்பைக் கிழித்துவிட்டு, மிளகாய் வதங்கும்போது இரண்டு இலை. அதிகம் போட்டால் கசக்கும்.

சைவம்_மட்டும்

முழுசாகப் படித்துவிட்டேன். நான் புரிந்துகொண்டது, பெலாச்சான் இல்லாத பாலாடோ முழுச் சைவம், எந்த மாற்றும் தேட வேண்டாம். சரிதானே? வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்யலாமா?

பாடாங்_போனவன்

முதல் கேள்விக்கு, சரிதான். இரண்டாவதற்கு, பூண்டு இல்லாமல் செய்யலாம், ருசி பெரிதாகக் கெடாது. வெங்காயம் இல்லாமல் மிளகாயின் காரத்தைத் தாங்க ஆள் இல்லை, தக்காளி மட்டும் போட்டால் தொக்கு ஆகிவிடும். ஊருக்கு வெளியே போய் மினாங் சாப்பாட்டுக் கடை வைக்காத இடம் இந்தோனேசியாவில் அனேகமாக இல்லை, கையில் பத்துப் பன்னிரண்டு தட்டை அடுக்கிக்கொண்டு வந்து மேசை நிறைய வைத்துவிடுவார்கள், தொட்டதற்கு மட்டும் காசு. நான் போன அப்படி ஒரு கடையிலும் வெங்காயம் இல்லாத பாலாடோ பார்த்ததில்லை. நீங்கள் செய்தால் எப்படி வந்தது என்று சொல்லுங்கள், பெயர் மட்டும் வேறு வைத்துவிடுங்கள்.

உறையூர்க்காரன்

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். காந்தி மார்க்கெட்டில் மிளகாய்ப்பழம் கேட்டேன், பச்சை மிளகாய்க் குவியலிலிருந்து பழுத்ததைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பொறுக்கினதில் 50 கிராம் தேறியது. காஷ்மீரி ஆறு. அம்மாவின் அம்மி பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது, தேய்த்துக் கழுவி, உப்போடு மிளகாயை இழுத்தேன். நசுங்கியது, ஆனால் கையால் வழித்து எடுத்துவிட்டேன். அந்த ராத்திரி முழுக்க விரல் எரிந்தது, தேங்காய் எண்ணெய் தடவித்தான் தூங்கினேன். கரண்டியால் வழிக்கச் சொல்லி ஒருவராவது எழுதியிருக்கலாம்.

கத்தரிக்காய்க்கு உப்புத் தூவி, ஒற்றி, நாலு நாலாகப் போட்டேன். முதல் நாலு சரியாக வரவில்லை, சூடு பத்தவில்லை. அடுத்த எட்டும் ஊதாவாகவே எழுந்து வந்தன. எண்ணெயை அளந்து பார்த்தேன், ஊற்றினது 250 மில்லி, திரும்ப வந்தது 190க்குக் கொஞ்சம் மேலே. மிளகாய் வதங்கும்போது வந்த நெடியில் வீடே தும்மியது, மேல்வீட்டு மாமா உட்பட. ஆனால் இந்தத் தடவை இறங்கி வந்து என்ன சமையல் என்று கேட்டார், ஒரு கிண்ணம் போனது.

ருசி அந்தக் கடையுடையது இல்லை, காரம் நம்முடையது. ஆனால் எலுமிச்சம்பழம் பிழிந்ததும் எழுந்த வாசனை அதேதான், அடுப்பு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வீட்டில் யாரும் புளி கேட்கவில்லை. மிளகாய் விழுது அரைக் கிண்ணம் மிஞ்சியிருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். முட்டையில் போடலாம் என்று ஒருவர் சொன்னாரே, அவித்து அப்படியே புரட்டினால் போதுமா?

பாடாங்_போனவன்

அவித்து, உரித்து, ஈரம் துடைத்து, மேல்தோல் பழுப்பாகிற வரை எண்ணெயில் பொரித்துவிட்டுப் புரட்டுங்கள், அந்தத் தோலில்தான் மிளகாய் ஒட்டும். போடுவதற்கு முன்னால் முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். விழுதைத் தனியாகச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள், எலுமிச்சை மறுபடியும் கொஞ்சம் பிழிய வேண்டியிருக்கும்.